பாத்தாச்சு

என் மனைவி பிரிஜெட் தினமும் நாலைந்து பேரைக் கல்லறைக்கு அனுப்பிவைத்துவிட்டுத்தான் சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். வந்ததும் முகம் கழுவிக்கொண்டு காபி போடுவாள். பயப்பட வேண்டாம், அனுப்பப்படுகிறவர்கள் எல்லோரும் ஏற்கனவே இறந்தவர்கள்தான். அவர்கள் தலைமாட்டில் நிற்கப்போகும் கல்லில் என்ன எழுத வேண்டுமோ அதைக் கம்ப்யூட்டரில் தமிழில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக ஆம்ப்ரோஸ் மெமோரியல்ஸ் என்ற கடையில் இதைச் செய்கிறாள். பெங்களூரில், பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டியே கடை இருப்பதால் வாடிக்கையாளர்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

வேலை நடக்கும் விதம் இது. குடும்பத்தார் ஒரு துண்டுச்சீட்டில் விவரம் எழுதிக்கொண்டு வருவார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் லீனா அதை வாங்குவாள். இங்கிலீஷ், கன்னடம் என்றால் அவளே அடித்துவிடுவாள். தமிழ் என்றால் சூடான பாத்திரத்தைத் தள்ளுவது போல பிரிஜெட் மேஜைக்குத் தள்ளிவிடுவாள். பிரிஜெட் அடித்ததை ஒரு இயந்திரம் ஸ்டிக்கரில் எழுத்து எழுத்தாக வெட்டும். வெங்கி அந்த ஸ்டிக்கரை கிரானைட் கல்லில் ஒட்டி, மெஷினில் மணலை வேகமாக அடிப்பான். எழுத்துள்ள இடம் மட்டும் குழியும். குழிக்குள் தங்கக்கலர் பெயின்ட். மணல் அடித்த பிறகு அழிரப்பர் கிடையாது. தப்பு நடந்தால் உலகம் முடியும்வரை அப்படியே நிற்கும்.

அதனால்தான் பிரிஜெட் மணல் அடிக்கும் முன் எல்லோரிடமும் கெஞ்சுவாள். தான் அடித்ததைத் தானே பத்து தடவை பார்த்தாலும் மனசில் உள்ளதுதான் கண்ணுக்குத் தெரியுமாம், இன்னொருவர் பார்க்க வேண்டுமாம். பிரின்ட் எடுத்து ஒவ்வொரு மேஜையாக நீட்டுவாள்.

"சார், கொஞ்சம் பாருங்களேன்."

முதலாளி ஆம்ப்ரோஸ் சார் பேப்பரைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து, தலையைச் சாய்த்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி பார்ப்பார். "ம். பாத்தாச்சு. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"லீனா, நீ ஒரு தடவ பாரேன்."

"பாத்தாச்சுக்கா. சூப்பர்."

"வெங்கி, ஒட்டறதுக்கு முன்னாடி பாத்துடுறா."

"ஆயித்துக்கா, பாத்தாச்சு."

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகாது. அவ்வளவு வேகத்தில் என்னத்தைப் பார்த்தார்கள் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் பொருமுவாள். காபி ஆறிப்போகும், அவள் ஆறமாட்டாள். "நா என்ன என் கல்லையா பாக்கச் சொல்றேன்? கடைக் கல்லுதான? ஒரு மனுஷி கேக்கறாளேன்னு ஒரு மரியாதை வேணாம்?" என்பாள். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் வாயும் சும்மா இல்லை, காலை முதல் மாலை வரை அல்சூரில் ஒரு கண்ணாடிக் கடையின் இருட்டு அறையில் உட்கார்ந்து, ஊரார் மூக்கில் சோதனை ஃப்ரேமை மாட்டி, "இப்ப தெரியுதா? முன்னாடி நல்லாருந்துச்சா, இப்ப நல்லாருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷம். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தைத் தெளிவாக்கிக் கொடுத்தவன் என்று பெருமை வேறு.

எனக்கும் அனுப்புவாள். மத்தியானம் நான் டிபன் டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து வாட்ஸப்பில் படம் வரும். 'கொஞ்சம் பாருங்க.' நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவைப்பேன். சாப்பாட்டு நேரத்தில் யாருக்கு யாருடைய மரணத்தைப் படிக்க மனசு வரும்?

பிரிஜெட் கோலார் தங்கவயல்காரி. சுரங்கத்துத் தமிழ்க் குடும்பம், தமிழ் மீடியம். பெங்களூருக்கு வந்தபோது வேலை கேட்ட இடத்திலெல்லாம், "தமிழ் மீடியம் படிச்சுட்டு இங்க என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டார்களாம். துணிக்கடையில் நின்றாள், நர்சரி ஸ்கூலில் ஆயாவாக இருந்தாள். அவள் படித்த படிப்புக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது இந்தக் கடை ஒன்றுதான். இறந்தவர்கள் புண்ணியத்தில் என் தமிழுக்கு ஒரு மேஜை கிடைத்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் அந்த மேஜை அவளுக்கு உயிர்.

போன அக்டோபரில் அந்த மேஜைக்கு ஆபத்து வந்தது.

பிப்ரவரியில் ஒரு ரிட்டையர்ட் பேங்க் மேனேஜருக்குக் கல் வைத்திருந்தார்கள். ஆடம்பரம் பிடிக்காத மனுஷனாம், அதனால் 'மண்ணில்', 'விண்ணில்' என்றெல்லாம் போடாமல் 'பிறந்தார்', 'இறந்தார்' என்று எளிமையாகக் கேட்டிருந்தார்கள். 'பிறந்தார்' சரியாகத்தான் பிறந்திருந்தது. ஒரு வரி கீழே இறங்குவதற்குள் கை தவறி, பெரிய ற இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ர விழுந்துவிட்டது. '4-1-2024 அன்று இரந்தார்.' இரப்பது என்றால் பிச்சை எடுப்பது. முப்பத்தைந்து வருஷம் பேங்கில் இருந்தவர், ஒரு குறிப்பிட்ட தேதியில் பிச்சை எடுத்தார் என்று கருங்கல்லில் தங்க எழுத்தில் பொறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, கல் எட்டு மாதம் அப்படியே நின்றது. மனைவி, மூன்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மாதத்துக்கு ஒரு தடவை மெழுகுவர்த்தியோடு வந்துபோன சொந்தபந்தம், ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. திருச்சியிலிருந்து ஒரு மச்சான் வந்தார். பூவை வைத்தார், குனிந்தார், நிமிர்ந்தார், நேரே கடைக்கு வந்தார்.

"எங்க மச்சான் எந்தக் கோயில் வாசல்ல உக்காந்து பிச்ச எடுத்தாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டாராம்.

புதுக் கல் போட்டுக் கொடுத்தார்கள். பழைய கல்லை வெங்கி கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிறான். அன்றைக்கு ஆம்ப்ரோஸ் சார் பிரிஜெட்டைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இன்னொரு கல்லு தப்பாச்சுன்னா, தமிழ் வேலைய ஓசூருக்கு அனுப்பிடுவேம்மா. அங்க ஒருத்தன் இருக்கான். பெறகு நீ வருத்தப்படக் கூடாது."

"சார், நா பாருங்கன்னு உங்ககிட்ட குடுத்தேன். பாத்தாச்சுன்னீங்க."

"நா ஆயிரம் வேலைல இருப்பேன். நீதானம்மா பாக்கணும்."

வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. திட்டு வாங்கியதற்காக அழவில்லை. "மூணு பேரும் பாத்தாச்சுன்னு சொன்னாங்க. ஒருத்தராவது நானும் பாக்காம விட்டுட்டேன்னு சொல்லக் கூடாதா? நா அவ்ளோ மட்டமாவா போயிட்டேன்?" என்று கேட்டாள். ஆம்ப்ரோஸைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். தட்டில் இருந்த இட்லி தீரும்வரை திட்டினேன்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குள் கல் நட்டுவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். பத்தொன்பது தமிழ்க் கற்கள் காத்துக்கொண்டிருந்தன. பிரிஜெட் ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு, 'பார்த்தவர் கையெழுத்து' என்று தலைப்பிட்டு மேஜைமேல் வைத்தாள். மூன்று பேரும் அழகாக இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார்கள். பேப்பரைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே போட்டார்கள்.

அடுத்த நாள் அவள் விடவில்லை. "வாய் விட்டுப் படிச்சுக் காட்டுங்க" என்று நின்றாள்.

"கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டேன்மா" என்றார் ஆம்ப்ரோஸ்.

"சிஸ்டம் பாத்துப் பாத்து கண்ணு எரியுதுக்கா" என்றாள் லீனா.

"கண்ணுல மணலுக்கா" என்றான் வெங்கி.

மறுநாளும் இதே மூன்று கண் நோய். அதற்கு மறுநாளும். நாலாவது நாள் பிரிஜெட்டுக்குப் பொறி தட்டியது. மூன்று பேருக்கும் கண்தானே கோளாறு? வீட்டுக்காரன் எதற்கு இருக்கிறான்? "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் மூணு பேரும் எங்க வீட்டுக்காரர் கடைக்கு வர்றீங்க. கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிறீங்க. கண்ணாடி எங்க செலவு. அப்புறம் யாரும் சாக்கு சொல்லக் கூடாது" என்று அறிவித்துவிட்டாள். அப்படிக் கேட்டபின் மறுத்தால் அசிங்கம் என்று மூன்று பேரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

ஆம்ப்ரோஸ் சாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பங்குச் சர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு நேரம் குறைத்தால் முதலில் எழுந்து சத்தம் போடுகிறவர் அவர்தான். கன்டோன்மென்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழுக்கு ஒன்று என்றால் வேட்டியை மடித்துக் கட்டுவார். முதல் வரிசையில் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கணீரென்று பாடுவார். பக்கத்து ஆள் பக்கத்தைத் திருப்பினால் அவரும் திருப்புவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரிஜெட் அறை மூலையில் கை கட்டி நின்றாள். லீனாவும் வெங்கியும் வாசலில். நான் விளக்கை அணைத்து எழுத்துப் பெட்டியைப் போட்டேன். எங்கள் பெட்டிக்கு நாலு பக்கம் உண்டு. இங்கிலீஷ், கன்னடம், தமிழ், எழுத்தே தெரியாதவர்களுக்கு நாலாபக்கமும் திரும்பி நிற்கும் E. தமிழ் ஆர்வலர் ஆயிற்றே என்று மரியாதையாகத் தமிழைத் திருப்பி வைத்தேன். மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு எழுத்து. ற.

"சொல்லுங்க சார்."

"கொஞ்சம் மங்கலா இருக்கு ஃபிராங்க்ளின்."

அந்த எழுத்து மங்கலாகத் தெரிகிறவர் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். லென்ஸ் மாற்றினேன். "இப்ப?"

"இப்பவும் அப்படித்தான்."

ஐந்து லென்ஸ் மாற்றினேன். வெறும் கண்ணாடித் துண்டைக்கூடப் போட்டுப் பார்த்தேன். மங்கல், மங்கல், மங்கல். என் தொழிலுக்கே இழுக்கு வந்துவிடும் போலிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியை இங்கிலீஷ் பக்கம் திருப்பினேன். மனுஷன் மேலிருந்து கீழே மளமளவென்று இறங்கினார். கடைசி வரி, எறும்பு எழுத்து, அதுவும் ஆயிற்று. அதற்கும் கீழே ஓரத்தில் பெட்டி செய்த கம்பெனியின் ஃபோன் நம்பர் இருக்கும், நானே அதுவரை கவனித்ததில்லை. வந்த வேகத்தில் அதையும் சொல்லிவிட்டார்.

சொல்லி முடித்தபின்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

வெங்கிதான் முதலில் வாயைத் திறந்தான். வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், முன்னாடி இருந்துச்சே, அது தமிழா? நமக்கு ஸ்கூல்ல கன்னடம் சார். தமிழ் படிக்க பரல்லா, தெரியாது" என்றான்.

நான் விளக்கைப் போட்டேன். பிரிஜெட் லீனாவைப் பார்த்தாள். லீனா தரையைப் பார்த்தாள்.

"எனக்கும் இங்கிலீஷ் மீடியம்க்கா. வீட்ல பேசறதோட சரி."

"அப்போ பதினோரு வருஷமா பாத்தாச்சு, பாத்தாச்சுன்னு சொன்னீங்களே?"

"பாத்தேன்க்கா" என்றான் வெங்கி, அநியாயமாகப் பழி சுமத்தப்பட்டவன் குரலில். "லைன் நேரா இருக்கா, நடுவுல இருக்கா, ஸ்டிக்கர்ல காத்து நின்னிருக்கா, எல்லாம் பாத்தேன். நீங்க பாருன்னுதான சொன்னீங்க. படின்னு எப்பக்கா சொன்னீங்க?"

ஆம்ப்ரோஸ் சார் சோதனை ஃப்ரேமைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார். அதோடு பார்க்க ஆந்தை மாதிரி இருந்தார். "எங்க காலத்துல ஸ்கூல்ல தமிழே இல்லம்மா" என்றார் மெதுவாக. "சின்ன வயசுல கத்துக்கல. வயசானப்புறம் சொல்றதுக்கு வெக்கமா போச்சு. பாட்டெல்லாம் மனப்பாடம். சர்ச்சுல மட்டும் யார்ட்டயும் சொல்லிடாத."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பதினோரு வருஷமாகத் தன்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்று அவள் வயிறெரிந்துகொண்டிருந்தாள், அவர்களோ அவளுக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். சிரித்து முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஓசூர்ல அடிச்சு அனுப்பினா, சார், அது சரியா இருக்கான்னு இங்க யார் படிப்பாங்க?"

ஆம்ப்ரோஸ் சார் ஃப்ரேமுக்குள்ளிருந்து அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஓசூர் பேச்ச விடும்மா" என்றார். அவளுடைய நாற்காலி அந்த நிமிஷம் தப்பியது.

அவர்கள் போனதும் கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் ஜோகுபாளையத்து வீட்டுக்கு நடந்தே கிளம்பினோம். எனக்கு ஒரே குஷி. இவ்வளவு நாள் இதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் கடைக்காரன் தேவைப்பட்டான் பார் என்று பீற்றிக்கொண்டே வந்தேன். பேங்க் மேனேஜர் குடும்பமும் இதே கதைதான், அதனால்தான் எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவள் ஒரு ஜூஸ் கடை வாசலில் நின்றாள். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். வாட்ஸப்பில் என் பெயரைத் திறந்து, விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். அக்டோபர், ஆகஸ்ட், ஜூன், ஏப்ரல். வழியெல்லாம் கற்கள், ஒவ்வொரு கல்லுக்குக் கீழேயும் என் கட்டைவிரல். பிப்ரவரியில் நிறுத்தி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பேங்க் மேனேஜர். 'இரந்தார்.' பிரின்ட் எடுத்த மத்தியானமே எனக்கு அனுப்பியிருந்தாள். 'கொஞ்சம் பாருங்க, நாளைக்கு மணல் அடிக்கிறாங்க.' கீழே, அதே நிமிஷத்தில், கட்டைவிரல்.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் பிரிஜெட். "உங்களுக்கு என்ன கேடு?"

திருப்பத்தூரில் பன்னிரண்டாவது வரை தமிழ் படித்தவன் நான். அந்த நடுத்தெருவில் அதைச் சொல்லவா முடியும்? முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜூஸ் கடைக்காரனிடம் இரண்டு சாத்துக்குடி சொன்னேன். அவள் தன் கிளாஸைத் தொடவே இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து சட்டம் மாறியது. கட்டைவிரல் செல்லாது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய் விட்டுப் படித்து, குரல் மெசேஜாக அனுப்ப வேண்டும். அது வந்தபிறகுதான் வெங்கி கையில் ஸ்டிக்கர் போகும். எனவே டிபன் டப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக, கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க மரண அறிவிப்பு வாசித்தேன். "அன்பு மனைவி... அருமைத் தாயார்... மண்ணில்... விண்ணில்..." சோதனை ஃப்ரேமோடு காத்திருந்த ஒரு பெரியவர் கேட்டுக் கேட்டுக் கலங்கி, இரண்டு தடவை சிலுவை போட்டுக்கொண்டார். இன்னொரு அம்மா, கண் டெஸ்ட்டுக்கு வந்தவர், அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

புதன்கிழமை ஏழாவது கல். எழுபத்தொரு வயசு டெய்லர். பெயர் சரி. தேதி சரி. "இறைவனில் இளைப்பாறுகிறார்" என்று பழக்கதோஷத்தில் படித்து முடித்து, அனுப்பக் கை வைத்தேன். ஏதோ உறுத்தியது. திரும்பப் பார்த்தேன். வாய் படித்ததும் கண்ணில் இருந்ததும் வேறு வேறு. 'இரைவனில் இளைப்பாறுகிறார்.' அதே சின்ன ர. எதற்கோ இரையாகப் போனவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார் டெய்லர்.

இத்தனை வருஷம் என் கட்டைவிரலுக்குக் கீழே எத்தனை பேர் இப்படிப் போனார்களோ என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. மெசேஜ் வேண்டாம் என்று ஃபோன் போட்டேன்.

"பிரிஜெட், ஏழாவது கல்லு, நிறுத்து. இறைவன்ல சின்ன ர போட்டிருக்க."

தப்பு கண்டுபிடித்ததற்கு வருத்தப்படுவாளோ என்று பயந்தேன்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். பெரிய ற வரணும்."

"பதினோரு வருஷத்துல" என்றாள். "பதினோரு வருஷத்துல, மணல் அடிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தப்பு சொன்னது நீங்கதாங்க மொத ஆளு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தப்பைச் சுட்டிக்காட்டியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"லைன் நேரா இருக்கா?" என்று பேச்சை மாற்றினேன்.

"அத வெங்கி பாத்துப்பான்" என்றாள். "நீங்க எட்டாவது கல்ல படிங்க."